மாதா கால் நீட்டி உட்கார்ந்த வழக்கு

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
6.10.2008

அன்பு மருமகள் ஜெனிட்டாவுக்கு,

இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் 'சாப்பிடுகிறேன் அத்தை' என்று எழுதுவாய், நான் நம்பமாட்டேன், இருவருக்கும் தாள் வீண்.

பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் பெரிய வக்கீல் கம்பெனிகள் இந்த வாரம் உன் சட்டக் கல்லூரிக்கு வரப்போவதாகவும், கடைசி வருடப் பிள்ளைகளைப் பேட்டி கண்டு அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்ளப்போவதாகவும் உன் அப்பா வந்து சொன்னான். என் தம்பி நல்லூர்க் கரும்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். பெற்ற மகளைப் பற்றிக் கேட்டால், "அது ஏதோ இன்டர்வியூவாம்க்கா" என்பதோடு சரி. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னான். வருகிற மே மாதத்துக்குள் உனக்கு வக்கீல் வேலை அமையாவிட்டால் நீ ஊர் திரும்பி பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று உன்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறானாம். நீயும் சரி என்றாயாம். எட்டு வயதில் ஒரு கமர்கட்டுக்காக என்னோடு வாதாடி ஜெயித்தவள், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதா? அந்தப் பேச்சுக்கே இடம் வராது. நான்கு வருடமும் முதல் வகுப்பு வாங்கியவளை வேண்டாம் என்று சொல்ல எவனுக்கு மனம் வரும்?

பேட்டியில் நாற்காலி நுனியில் உட்காராதே. கடலூர் கான்வென்டில் மதர் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது உட்காருவதுதான். பாடமெல்லாம் அப்புறம்.

வரும் 19-ஆம் தேதி ஞாயிறு இரண்டாம் பூசையை உனக்கு வேலை கிடைத்ததற்கு நன்றியாக ஒப்புக்கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லையே என்று கேட்பாய். டிசம்பர் வரை எல்லா ஞாயிறும் நிரம்பிவிட்டது, இது ஒன்றுதான் காலியாக இருந்தது. அதற்குள் பேட்டி முடிந்துவிடும் என்று உன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன்.

செல்போன் வாங்கித் தருகிறேன் என்று மறுபடியும் எழுதாதே. போனில் நீ பாதிப் பேச்சில் 'ஒரு நிமிஷம் அத்தை' என்கிறாய். கடிதத்தில் அது முடியாது.

அன்புள்ள அத்தை,
ரெஜினா ஞானதாஸ்


பெங்களூர்,
15.10.2008

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வீட்டுப் போனுக்கு நேற்றிலிருந்து ஆறு முறை அடித்துவிட்டேன். மழையில் கம்பி போயிருக்கும் போலிருக்கிறது, மணியே அடிக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம், அவசரமாக.

எனக்கு வேலை கிடைக்கவில்லை.

போன வருடம் இருபத்திரண்டு கம்பெனிகள் வந்தன. இந்த வருடம் ஒன்பது. அமெரிக்காவில் வங்கி விழுந்தால் பம்பாயில் வக்கீலுக்கு வேலை குறைகிறது என்பதை ஐந்து வருடத்தில் எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. நான்கு கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டன. மூன்றில் முதல் சுற்றோடு சரி. நான்காவதில் மூன்று சுற்று தாண்டினேன். கடைசியாக, "பத்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "கோர்ட்டில்" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேனாவை மூடினார்கள். வெளியே வந்த பிறகுதான் தோழி சொன்னாள், அந்தக் கம்பெனி கோர்ட்டுப் படியே ஏறாதாம். ஒப்பந்தம் எழுதுவதோடு சரியாம்.

நாற்காலியில் நன்றாக நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், அத்தை.

வேலை கிடைத்தவர்கள் விருந்து வைக்கிறார்கள். மூன்று விருந்துக்குப் போய்விட்டேன். அழுகை வந்தால் பிரியாணி காரம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, தேடுவேன். அப்பாவிடம் இப்போது சொல்லவேண்டாம். தயவுசெய்து அந்தப் பூசையை நிறுத்திவிடுங்கள். சாமியாரிடம் சொன்னால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
ஜெனிட்டா


சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
22.10.2008

அன்பு ஜெனிட்டாவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பூசை ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது.

நான் சீட்டில் எழுதியது, 'மருமகள் ஜெனிட்டாவுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றியாக' என்று ஒரே வரி. பூசையில் சீட்டுகளை வாசிக்கும் நம் உபதேசியாருக்கு மைக் கையில் கிடைத்தால் ஒரு வரி போதாது. "நம் பங்குக் கோயிலின் செல்வி ஜெனிட்டா, பம்பாய் மாநகரின் மாபெரும் வழக்கறிஞர் நிறுவனத்தில் பணியமர்த்தப்பட்டதற்காக" என்று கோயில் அதிர வாசித்தார். முன்வரிசை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. அப்போது எனக்கும் உண்மை தெரியாது, ஆகவே தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, புன்னகைத்தேன். அது பொய்யில் சேருமா என்று நீயே சொல், நீதான் சட்டம் படித்தவள்.

உன்னை வேண்டாம் என்றவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அதை எழுதினால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு தொல்லை. திங்கள் சாயங்காலத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஜங்ஷன் எதிரே டீக்கடை வைத்திருக்கும் அறிவழகன், கடை முன்னால் ஆட்டோ நிறுத்துகிறவர்களைச் சட்டப்படி என்ன செய்யலாம் என்று கேட்டான். பக்கத்துத் தெரு பெரியம்மாள், வேலி தாண்டி வந்த முருங்கைக் கிளையில் காய் யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள், கேட்கும்போதே மடியில் அந்தக் காயை வைத்திருந்தாள். உன் மாமா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில்கூட இந்த வீட்டுக்கு இத்தனை பேர் வந்ததில்லை. "எழுதி அனுப்புகிறேன், பதில் வரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று செல்வநாயகி வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்பவள். நம் கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருடா வருடம் பொம்மை செய்து தருவது அவள்தான். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ்.

"இன்னாம்மா இது, என் பொம்மய நானே செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்குதாமே? ஸ்கூல் வாத்தியார் படிச்சிக் காட்டினாரு. அச்செல்லாம் ஒடச்சிப் போடணுமாம். ஒடச்சிட்டு நான் இன்னா செய்யிறது, சூளையில போயி நானே குந்திக்கவா?"

நகல் இணைத்திருக்கிறேன். சென்னையில் ஏதோ ஏற்றுமதிக் கம்பெனி. மாதா கால் நீட்டி உட்கார்ந்து, சூசையப்பர் குழந்தையை வைத்திருக்கும் குடில் பொம்மை 2007 மார்ச்சில் அவர்கள் பெயரில் பதிவான வடிவமாம். முப்பது நாளில் நிறுத்தாவிட்டால் வழக்காம்.

நான் என்ன சொல்லட்டும்?

அத்தை,
ரெஜினா ஞானதாஸ்


பெங்களூர்,
27.10.2008

அன்புள்ள அத்தைக்கு,

அது பொய்யில் சேரும்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். இங்கே வேலை கிடைக்காதவளாக இருப்பது ஒரு கஷ்டம். அங்கே வேலை கிடைத்தவளாக நடமாடுவது அதைவிடக் கஷ்டம். நல்லூரிலிருந்து சித்தப்பா போன் செய்து, பம்பாயில் வீடு பார்த்தாயிற்றா என்று கேட்கிறார். எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

முருங்கைக்காய்க்கும் ஆட்டோவுக்கும் தனித் தாளில் பதில் வைத்திருக்கிறேன். பெரியம்மாளிடம் சாம்பார் வைத்து வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு கிண்ணம் கொடுக்கச் சொல்லுங்கள். சட்டத்தைவிட அது சீக்கிரம்.

செல்வநாயகி அக்கா விஷயம் அப்படி இல்லை. நோட்டீஸை நாலு முறை படித்தேன். ஒரு பொருளின் வடிவத்தை ஒருவர் தன் பெயரில் பதிவு செய்யலாம், ஆனால் அது புதிதாக இருக்க வேண்டும். பதிவுக்கு முன்பே அதே வடிவம் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருந்தால் பதிவு நிற்காது, ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். அக்கா அதற்கு முன்பே செய்திருந்தால் அச்சை உடைக்கவேண்டியதில்லை.

ஆனால் வாயால் சொன்னால் போதாது. முதலில் யார், எப்போது, ஏன் அப்படிச் செய்தார்கள்? 2007 மார்ச்சுக்கு முன்பு என்று தேதியோடு காட்ட என்ன இருக்கிறது? அச்சிட்ட தாளாக இருந்தால் மிக நல்லது.

நான் இன்னும் வக்கீல் இல்லை, என் பெயரில் பதில் போட முடியாது. ஆனால் நோட்டீஸ் வந்தவர் தானே பதில் எழுதலாம். நான் வரைவு செய்கிறேன், அவர் கையெழுத்துப் போடட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், அத்தை.

ஜெனிட்டா


சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
4.11.2008

அன்பு ஜெனிட்டாவுக்கு,

உன் கேள்விகளுக்குப் பதில்.

செய்தது 2001-இல். கோயில் குடிலுக்குப் பழைய பொம்மைகள் உடைந்துபோய், நான்தான் செல்வநாயகியிடம் புதுசு கேட்டேன். படம் வரைந்தும் கொடுத்தேன், மாதா முழந்தாளிட்டுக் கைகூப்பி இருப்பதாக. அவள் என் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது:

"பெத்து எடுத்தவள அன்னிக்கே முட்டி போட வெப்பாங்களாம்மா? நாலு பெத்தவ சொல்றேன், கால நீட்டி வுடுங்க. புள்ளைய அந்த ஆம்பள செத்த நேரம் வாங்கிக்கட்டும்."

எனக்குப் பிள்ளைகள் இல்லை, எதிர்த்து வாதாட வழியில்லை. மரியாதைக் குறைவு என்று மட்டும் சொன்னேன். அப்போதிருந்த சாமியார் சிரித்து, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அன்றிலிருந்து நம் மாதா கால் நீட்டித்தான் இருக்கிறார்.

ஆதாரத்துக்கு இரண்டு நாள் அலைந்தேன். கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் குடில் முன்னால் போட்டோ எடுக்கிறார்கள். பதினோரு வீட்டு ஆல்பம் பார்த்துவிட்டேன். பதினொன்றிலும் ஒரு குடும்பம் குடிலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் சூசையப்பரின் ஒரு காது தெரிகிறது.

அச்சில் வந்தது ஒன்றே ஒன்று. 2003 கிறிஸ்துமஸுக்கு வெளியிட்ட பங்கின் பொன்விழா மலரில் குடில் படம் முழுப் பக்கம் வந்தது. அதன் கீழே 'குடில் அமைப்பு: ஜெயமேரி குழுவினர்' என்று போட்டிருந்தார்கள். பாடகர் குழுத் தலைவி ஜெயமேரி. அந்தக் குடிலில் அவள் ஒரு வைக்கோலைக்கூட எடுத்து வைக்கவில்லை. என் பிரதியை அன்றே வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவளோடு ஐந்து வருடமாகப் பேச்சில்லை. கோயிலில் மலர் மிச்சமில்லை, மற்ற வீடுகளில் கரையான். மலரைப் பத்திரமாக வைத்திருக்கக்கூடியவள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை போனேன்.

"வாங்க ரெஜினாக்கா," என்றாள். "வழி தெரிஞ்சி வந்தீங்களா, தப்பி வந்தீங்களா?"

மலர் வேண்டும் என்றேன்.

"தரேன். ஒண்ணு கேக்குறேன், நெஜத்தச் சொல்லுங்க. ஒங்க மருமவளுக்கு பம்பாயில வேல கெடச்சிதா? கெடச்சிருந்தா இந்நேரம் தெரு பூரா முட்டாயி குடுத்திருப்பீங்களே. நான் ரெண்டு வாரமா பாத்துக்கினே இருக்கேன்."

கோயிலில் நூறு பேர் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நின்ற இடத்திலேயே, "கிடைக்கவில்லை, நான் முந்திவிட்டேன்," என்றேன்.

"அதான பாத்தேன்," என்று உள்ளே போனாள். மலரோடு காபியும் கொண்டு வந்தாள். சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தாள். முழுதும் குடித்தேன்.

அவள் சொல்லுமுன் நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், இரண்டு நாளில், வீடு வீடாக. உன் அப்பாவிடமும். அறிவழகன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "பம்பாய்க்காரன் எடுக்கலன்னா நமக்கு நல்லதுதானேம்மா. போயிட்டாங்கன்னா நாம யாரக் கேக்குறது?" ஆட்கள் வருவது நிற்கவில்லை. நேற்று மட்டும் நான்கு பேர்.

மலரை முழுதாக அனுப்புகிறேன். படத்தில் மாதா கால் கட்டைவிரல் வரை தெரிகிறார். ஜெயமேரி ஓரமாக நிற்கிறாள், அவளைக் கிழித்துவிடாதே, திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

அத்தை,
ரெஜினா ஞானதாஸ்


பெங்களூர்,
10.11.2008

அன்புள்ள அத்தைக்கு,

கோபம் போய்விட்டது. ஜெயமேரி ஆன்ட்டி வீட்டில் நீங்கள் நின்றதை நினைத்து விடுதியில் தனியாகச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் சிரிக்க முடியவில்லை.

மூன்று பக்க வரைவு இதோடு இருக்கிறது. நான்கு நாள் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். நான்கு நாளும் நூலகர் விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்தேன். கோர்ட் எதிரே டைப் அடித்து, செல்வநாயகி அக்காவுக்கு ஒவ்வொரு வரியும் படித்துக் காட்டி, அவர் சரி என்றால் மட்டும் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 19-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஒரு வரிகூட மாற்றாதீர்கள். உங்களைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஜெனிட்டா


சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
15.11.2008

அன்பு ஜெனிட்டாவுக்கு,

அனுப்பியாயிற்று. செல்வநாயகி மூன்று பக்கமும் கேட்டாள். "நான் சொன்னதத்தான் எழுதியிருக்குது, ஆனா நான் சொன்னா யாரு கேக்குறாங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வரியும் மாற்றவில்லை. நான்காவது பக்கம் ஒன்று சேர்த்தேன். மாதா ஏன் கால் நீட்டியிருக்கிறார் என்பதை, அவள் என் படத்தைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைகளில். அவள் சம்மதித்துத்தான். நீ 'வடிவம்', 'வடிவம்' என்று பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறாய், அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று ஒரு இடத்திலும் இல்லை. அடியில், வரைவு செய்தது இன்னார் என்று உன் பெயரும் விடுதி முகவரியும் போட்டேன். ஒளிந்துகொண்டு எழுதுவது நம் வீட்டில் வழக்கமில்லை.

திட்டி எழுது. பதில் எழுத முழங்கால் வேண்டியதில்லை, கை போதும்.

அத்தை


பெங்களூர்,
12.1.2009

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நான்காவது பக்கத்துக்காகத் திட்டுவதை ஒத்திப்போட்டிருந்தேன். இப்போது திட்ட முடியாமல் போய்விட்டது.

அந்த ஏற்றுமதிக் கம்பெனியின் வக்கீல் கமலம் என்பவர் எனக்கு நேராகவே கடிதம் எழுதியிருக்கிறார். 'முதல் மூன்று பக்கம் படித்ததும் என் கட்சிக்காரரைக் கூப்பிட்டு எச்சரித்தேன். நான்காவது பக்கம் படித்ததும் என் அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்' என்று இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஜூனில் சென்னையில் அவர் அலுவலகத்தில் சேர விருப்பமா என்று கேட்கிறார். பெரிய அலுவலகம் அத்தை, எட்டு வக்கீல்கள். கோர்ட்டுக்கும் போகிறார்கள்.

அக்டோபரிலிருந்து முப்பத்தாறு இடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தது இது ஒன்றுதான், அதுவும் நான் எழுதாத இடத்திலிருந்து.

ஆனால் அதே நாளில் செல்வநாயகி அக்காவுக்கு அந்த அலுவலகத்திலிருந்து வேறு ஒரு கடிதம் வந்திருக்கும். கோயிலுக்கு வருடம் பத்து குடில் செட் செய்யலாம், வெளியே விற்கக் கூடாது, சம்மதித்தால் வழக்கு இல்லை என்று; நகல் எனக்கும் வந்திருக்கிறது. அக்கா போன வருடம் பாண்டிச்சேரி, நெய்வேலி, திருச்சி வரை விற்றவர். அவர் பொம்மையை அவருக்கே அளந்து கொடுக்கிறார்கள்.

கமலம் மேடம் கெட்டவர் இல்லை. தன் கட்சிக்காரருக்கு முடிந்ததைக் கேட்கிறார், அது அவர் வேலை. விஷயம் முடியாமல் நான் அங்கே, அக்காவுக்கு எதிர்ப் பக்கம், போய் உட்கார்ந்தால் என் வேலை என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை. வேண்டாம் என்று எழுத நினைக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில்.

அன்புடன்,
ஜெனிட்டா


சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
17.1.2009, காலை

அன்பு ஜெனிட்டாவுக்கு,

வேண்டாம் என்று எழுதப்போகிறாயா? உனக்கு என்ன வந்தது? எட்டு வக்கீல் உள்ள அலுவலகம், தானாகத் தேடி வருகிறது. மே மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாயா? உன் அப்பா பேங்க் பரீட்சைப் புத்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறான். செல்வநாயகிக்குப் பத்து செட் செய்ய அனுமதி கிடைத்துவிட்டது, அச்சு உடையவில்லை. அதற்கு மேல் ஒரு மாணவியிடம் அவள் என்ன எதிர்பார்க்க முடியும்? உடனே சம்மதம் எழுது.

அதே நாள், மாலை

மேலே உள்ளதைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. நீ படிக்க வேண்டும்.

மதியம் ஆட்டோ பிடித்துத் தொழிற்பேட்டைக்குப் போனேன், செல்வநாயகியிடம் பேசி அவளையே உனக்குச் சொல்லவைக்கலாம் என்று. பொம்மைகளுக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு போவட்டும்மா. எனக்காவ ஏன் நிக்கணும்? நான் மாதாவ வுட்டுட்டு வேற பொம்ம செய்யிறேன். பத்து செட்டுக் காயிதத்துல எங்க கையெழுத்துப் போடணும், இப்பவே போட்டுத் தரேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பேனா கேட்டாள். என் பையில் பேனா இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். புன்னகைக்குப் பதிலாக இந்த முறை நேரான பொய், எழுதிவைத்துக்கொள்.

ஜெனிட்டா, உன் முடிவு சரி. இந்த வரியைப் பத்திரமாக வை, என்னிடமிருந்து அடிக்கடி கிடைக்காது. கமலத்துக்கு மரியாதையாக எழுது. உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை,
ரெஜினா ஞானதாஸ்


பெங்களூர்,
2.4.2009

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவை ரத்து செய்ய மனுப் போடுவது என்று ஜனவரியிலேயே முடிவு செய்தோம் அல்லவா? மனுவை நான் தயாரித்துவிட்டேன். ஆனால் அதை எடுத்து நடத்த ஒரு வக்கீல் வேண்டும். சிறிய ஆட்களுக்கு இப்படிப்பட்ட வழக்கு எடுப்பவர் சென்னையில் யார் என்று பேராசிரியரிடம் கேட்டு, போன சனிக்கிழமை ரயில் ஏறி மண்ணடிக்குப் போனேன். ஒரு பேப்பர் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். அர்ச்சுனன் சாரும் அவர் மனைவி பூங்கோதை மேடமும், இரண்டு பேருமே வக்கீல். அறை முழுக்க அப்பளக் கட்டு, ஊதுபத்திப் பெட்டி, சீயக்காய்ப் பாக்கெட். எல்லாம் வழக்குப் பொருட்கள். பெயரைத் திருடிவிட்டான், படத்தைத் திருடிவிட்டான் என்று வருகிறவர்களுக்குத்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். உள்ளே போனால் வக்கீல் அலுவலகமா மளிகைக் கடையா என்று சந்தேகம் வரும்.

செல்வநாயகி அக்கா விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நாற்பது நிமிடம். உங்கள் நான்காவது பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன், தானாக வந்துவிட்டது. சார் மனுவைப் புரட்டிக்கொண்டே, "இதை யார்ம்மா தயார் பண்ணினது?" என்றார்.

"நான்தான் சார்."

"எங்க வேலை பாக்குற?" என்று மேடம் கேட்டார்.

"எங்கயும் இல்லை மேடம். நாற்பத்தி நாலு இடத்துல கேட்டாச்சு. இன்னிக்கு வேலை கேட்டு வரலை, இந்தக் கட்டைக் குடுக்கத்தான் வந்தேன்."

மேடம் உடனே சார் பக்கம் திரும்பி, "அந்த ஜன்னலோர மேஜை மேல இருக்கிற அப்பளத்தையெல்லாம் எடுத்து வைங்க," என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஜூன் முதல் தேதி சேர்கிறேன், அத்தை. அந்த மேஜை என்னுடையது. பத்து வருடத்தில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எழும்பூர் கோர்ட்டில் ஒரு ஊதுபத்தி வழக்கு நடக்கிறதாம், மே மாதமே நேரம் இருந்தால் வந்து பார்க்கச் சொன்னார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்பளக் கம்பெனியிலயா?" என்றார். விளக்கிச் சொன்னேன். பிறகு, "அட்டை போட்ட புத்தகத்த கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?" என்றார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

அன்புடன்,
ஜெனிட்டா


சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
28.6.2009

அன்பு ஜெனிட்டாவுக்கு,

நீ சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. உன் அலுவலகத் தாளில் செல்வநாயகிக்கு வந்த கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். மனுவை எதிர்க்கப்போவதில்லை என்று அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதாம். "அப்ப இன்னா, செய்யலாமா?" என்றாள். செய்யலாம் என்றேன். "எத்தினி?" என்றாள். எத்தனை வேண்டுமானாலும் என்றேன். திருச்சிக்காரருக்குச் சேதி சொல்ல அப்படியே எழுந்து போய்விட்டாள். காபி ஆறிப்போயிற்று.

கடிதம் நன்றாக எழுதியிருக்கிறாய். நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இருமுறை தேடினேன்.

இன்னொரு விஷயம். இத்தனை மாதமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இங்கே ஆட்கள் வருவதும், நான் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வதும், உனக்கு அனுப்புவதும், உன் பதிலை வாசித்துக் காட்டுவதுமாக இருந்தது. நாற்காலி போதாமல் ஜெயமேரி வீட்டிலிருந்து இரண்டு வாங்கிப் போட்டிருந்தேன். போன வாரம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் வந்தார், பாகத் தகராறு. எழுதிக்கொண்டே இருந்தபோது ஒரு இடத்தில், "மருமகள் இதற்கு இப்படித்தான் சொல்வாள்," என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டி நம்பிக்கொண்டு புறப்பட்டார். வாசல் வரை போனவரைத் திருப்பிக் கூப்பிட்டேன். "ஐயா, நான் சொன்னது என் வார்த்தை, வக்கீல் வார்த்தை இல்லை, அவளையே கேளுங்கள்," என்று உன் மண்ணடி முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வருகிற எல்லாருக்கும் முகவரி மட்டும்தான். நேராக உனக்கே எழுதுவார்கள். அதுதான் முறை. உன் பெயரை நான் நடுவில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஜெயமேரி நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப் போக வந்தாள், எடுக்காமல் ஒன்றில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். ஆக ஒரு நாற்காலிக்காவது ஆள் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் யாருடைய வழக்கும் இல்லை, முருங்கைக்காய்கூட இல்லை. கேள்வி இல்லாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது கஷ்டம்தான். முயற்சி செய்.

அத்தை,
ரெஜினா